படம் மூன்று நிமிடம், பெயர்கள் ஐந்து நிமிடம்

அவனியாபுரத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில், அறுபதைத் தாண்டியவர்களுக்குச் செல்போனில் ஆவணப்படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். மாணவர்கள் ஆறு பேர். எனக்கு இருபத்து நான்கு வயது. ஃபிரேம், ஒலி, எடிட்டிங் எல்லாவற்றையும் முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லி முடித்துவிட்டேன். இரண்டாவது ஞாயிறு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், ஷேர் ஆட்டோக்காரர்களைப் படம் எடுத்தார். தங்களுக்கு இரண்டு பக்கமும் ஆள் ஏற்றிக்கொண்டு, பாதி இருக்கையில் தொற்றியபடி அவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதுதான் படம். நன்றாகவே இருந்தது. மூன்று நிமிடம். ஆனால் அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பெயர்கள். காதுகுத்து ஃப்ளெக்ஸ் மாதிரி தலைமை, முன்னிலை என்று சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"பேரெல்லாம் கடைசியில போடுவோம் ஐயா. உலகம் பூரா அப்படித்தான்."

"அப்ப எந்திரிச்சுப் போயிருவாங்களே டீச்சர். பந்தி முடிஞ்ச பெறகா பத்திரிகை வைக்கிறது?"

"ஒரு ஆளுக்கு மொத்தமே நாலு நிமிஷந்தான் ஐயா."

"அப்ப படத்தைக் குறைங்க."

நான் பெயர்களைக் கடைசிக்குத் தள்ளி, இருபது நொடியில் ஓடவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரையிடும் நாள் காலையில், ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கிய பிறகு, என் லேப்டாப் பக்கம் வந்து நின்றார். நான்கு வருடத்துக்கு முன்பு பேரன் காதுகுத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸில் தங்கையின் கணவர் பெயர் விடுபட்டுவிட்டதாம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கண்ணாடி போடாமல் பார்த்து ஓகே சொன்னது இவர்தான். அன்றிலிருந்து பேரையூரில் இருக்கும் அந்த மனிதர் இவரோடு பேசுவதில்லை.

"மாப்ள பேருதான் மொதல்ல வரும்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். கூட்டிட்டு வாரேன்னுருக்கா. இன்னைக்கும் கண்ணுல படாமப் போச்சுன்னா அம்புட்டுத்தான் டீச்சர். பெறகு என் சாவுக்குத்தான் வருவாரு."

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா ஐயா?"

"நீங்கதான் உலகம் பூரான்னு சொன்னீங்க."

மற்ற ஐந்து படங்களும் பென்டிரைவில் ஓடி முடிவதற்குள் லேப்டாப்பில் மாற்றியாக வேண்டும். முழு வரிசைக்கும் நேரமில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, பத்து நொடி நிறுத்தினேன். மூன்றாவது படம் ஓடும்போது தங்கையும் கணவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர் முகம் ஊருக்குத் திரும்பும் பேருந்தைத் தேடுவது போல இருந்தது.

பெயர் வந்தது.

"யாருப்பா அது?" என்று ஒரு குரல் கேட்டது. தங்கை எழுந்து நின்று கணவரைக் காட்டினார். திரையில் அப்போது வேறு பெயரே இல்லாததால், இயக்குநர் அவர்தான் என்று கூட்டம் முடிவு செய்து கைதட்டியது. படம் முடிந்ததும், கடைசியில் ஓடிய பெயர்களைப் படிக்காமலே அவரை முன்னால் அழைத்து, நாற்காலி போட்டு, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். படத்தை எடுத்தவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இருவருமே மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

"அண்ணே, இதை எடுக்க எம்புட்டு நாளாச்சு?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

தங்கையின் கணவர் தோள் துண்டைச் சரிசெய்தார். கேட்டவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினார்.

"எம்புட்டு நாளு மச்சான்?"

"அஞ்சு வாரம் மாப்ள. நீங்களே சொல்லுங்க."

"அஞ்சு வாரம்" என்று அவர் மைக்கில் சொன்னார்.