ஸ்டீயரிங்கில் கட்டிய நூல்

லம்யை அக்காவின் வாயில் எந்நேரமும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அவற்றோடுதான் பேசுவார், அவற்றோடுதான் திட்டுவார். எங்கள் ஹாட்யாய் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பது அவர் தொழில். இரண்டு தையல் மெஷின், ஓயாமல் கத்தும் ஒரு ரேடியோ. புருஷன் போன பிறகு தனி ஆளாய் நின்று மகளைக் கட்டிக்கொடுத்தவர். இதெல்லாம் தெருவுக்கே தெரியும். அவர் எப்பேர்ப்பட்ட மனுஷி என்பது எனக்கு அந்த வெள்ளிநிறக் காரைப் பார்க்கப் போன அன்றுதான் தெரிந்தது.

பெரிய வெள்ளம் என் பழைய காரைத் தின்றுவிட்டிருந்தது. என் மனைவி சுபினுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வீடோ ஊருக்கு வெளியே. மழையில் மோட்டார் சைக்கிளில்தான் கூட்டிப்போவேன். திரும்பும்போது துவண்டுபோய் என் முதுகில் சாய்ந்துவிடுவாள். எங்கே விழுந்துவிடுவாளோ என்று ஒரு கையால் அவள் கையைப் பிடித்தபடியே ஓட்டுவேன். நடுவழியில் நின்றுவிடாத ஒரு கார், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

துணைக்கு வரச்சொல்லி அக்காவைக் கூப்பிட்டேன்.

"யார்கிட்ட வாங்கப் போற?"

"மனோப்கிட்டக்கா."

குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டார். அவருக்கு வரும் வேலையில் பாதி மனோப் அனுப்புவது. பழைய கார் வாங்கி விற்கிறவன், சீட்டுகளைக் கழற்றி இவரிடம்தான் கொடுப்பான். வரமாட்டார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனோப் வாசலுக்கே ஓடிவந்து கும்பிட்டான். "வாங்கக்கா! அண்ணே, சரியான ஆளைத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இந்த சீட்டைத் தைச்சதே அக்காதான், கேட்டுப்பாருங்க."

"வெள்ளத்துல மாட்டுன வண்டியா? சீக்காளிப் பொண்டாட்டியை ஏத்திட்டுப் போகணும்" என்றேன்.

"ஐயோ, ஒரு சொட்டு கூட படலண்ணே. அப்ப இது மேட்டுல நின்னுச்சு."

கதவைத் திறந்ததும் மல்லிகை சென்ட் கமகமவென்று வந்தது. தரைவிரிப்பு புதுசு. எனக்கு அந்தக் கார் அங்கேயே பிடித்துப்போயிற்று. அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தன் தையலைத் தானே தடவிப் பார்த்தார்.

"மனோப், குழந்தை வாந்தி எடுத்துருச்சுன்னு சொல்லித்தானே இதைக் கொண்டாந்தே?"

"ஆமாக்கா."

"முன்சீட்டு, பின்சீட்டு எல்லாத்துலயுமா? என்ன பிள்ளைடா அது, யானைக்குட்டியா?"

மனோப் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில், வண்டி வாங்கிய புதிதில் முதல் சொந்தக்காரர் புத்த பிக்குவிடம் கொண்டுபோய்க் காவலுக்கு மந்திரித்துக் கட்டிய வெள்ளை நூல். ஸ்டீயரிங் வளையத்தைச் சுற்றி, கீழே தண்டில் இறங்கி முடிச்சுப் போட்டிருந்தது. அந்த நூலில் கத்திரி வைக்க எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது. வண்டியை ஒரு இடம் விடாமல் கழுவித் துடைத்த மனோப்புக்கும் வரவில்லை. மேலே இருந்த சுற்று வெள்ளையாக இருந்தது. கீழே இருந்தது சேற்று நிறத்தில் இருந்தது.

மனோப்பும் அதை அப்போதுதான் கவனித்தான். குனிந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அடுத்த வாரம் நிறைய சீட்டு அனுப்பலாம்னு இருக்கேன்."

அது என் காதிலும் விழுந்தது. அக்கா சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் பழுப்பாய் ஒரு கோடு. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயர்களைத் தடவினார். விரலில் வண்டல் ஒட்டியது.

"தம்பி, சுபினை இதுல ஏத்தாத. தண்ணி ஸ்டீயரிங் வரைக்கும் ஏறியிருக்கு. ஒயரெல்லாம் உள்ளுக்குள்ளயே அரிச்சுட்டு வரும், எங்க நிக்கும்னு சொல்ல முடியாது." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "நூலைத் தொட அம்புட்டு பயம். நோயாளியை ஏத்திட்டுப் போற வண்டின்னு தெரிஞ்சும் பொய் சொல்ல மட்டும் பயமில்லையாடா?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வந்தது நன்றி இல்லை, எரிச்சல். கைக்கு வந்த கார் போயிற்றே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். பின்னால் உட்கார்ந்த அக்கா, "மூஞ்சியைப் பாரு. பசிக்குது, பொரிச்ச கோழியும் ஒட்டரிசிச் சோறும் வாங்கித் தா" என்றார். தின்று முடிப்பதற்குள் எனக்கு வெட்கமாகிவிட்டது.

மனோப்பின் சீட்டுகள் அதன்பிறகு வரவே இல்லை. கொட்டகையில் ஒரு மெஷின்மேல் போர்வை போர்த்திக் கிடந்தது. ஏன் என்று கேட்டால், "அதுக்கு ஜலதோஷம்" என்பார். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்த நிலையிலும் எனக்காக விசாரித்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் பச்சைக் காரைப் பிடித்துக் கொடுத்தார். பார்க்கச் சகிக்காத பச்சை. ஆனால் எந்த மழையிலும் அது என் சுபினை வழியில் நிறுத்தியதில்லை. அந்தக் கடனை நான் எந்தப் பிறவியில் தீர்ப்பேனோ தெரியவில்லை.

அந்தக் காருக்குப் பிக்கு நூல் கட்டிய அன்று, சுபின் மிச்ச நூலில் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நேராக அக்காவின் கொட்டகைக்கு வண்டியை விடச் சொன்னாள். அக்காவின் கையைப் பிடித்து மணிக்கட்டில் நூலைச் சுற்றினாள்.

"எனக்கெதுக்குடி இது? நான் என்ன காரா?"

"நீங்களும் நடுவழியில விட்டுட்டுப் போகாத ஆள்தானேக்கா."

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். ரேடியோ தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"முடிச்சை நல்லா இறுக்கிப் போடுடி" என்றார்.