மத்தியான வகுப்பும் மிஞ்சிய வளையமும்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பம்புகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். போன வருடம் என்னை ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். மாணவர்களே நிஜமான சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குத் தீர்வு தேடும் போக்கில் பாடத்தைக் கற்பது. அப்படி வகுப்பை வடிவமைப்பது எப்படி என்பதுதான் பயிற்சி. கல்வியையே புரட்டிப் போடப் போகிறவன் போலத் திரும்பி வந்தேன். கணபதி வட்டாரத்துப் பட்டறைகளின் இரைச்சல், உடுமலைப்பேட்டையில் குவியும் தேங்காய் மட்டை என்று மாணவர்கள் எடுக்கப்போகும் சிக்கல்களைக்கூட நானே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

"உங்களைத் தினமும் பாதிக்கிற சிக்கலா எடுங்க. யாருக்கும் பயப்பட வேண்டாம்" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு குழு வந்து நின்றது. அதன் தலைவி கொடுமுடிப் பக்கத்துப் பெண், மகா மரியாதைக்காரி.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சார். சாப்பாட்டுக்கப்பறம் ஒரு வகுப்புல எல்லாரும் தூங்கிப்போடறாங்க. அதையே எடுத்துக்கட்டுங்களா?"

"பிரமாதம் அம்மணி! யாரோட வகுப்பு?"

அவள் தரையைப் பார்த்தாள். "உங்களுதுங்க சார்."

வகுப்பு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பயப்பட வேண்டாம் என்று சொன்னவனே நான்தானே! பல்லைக் காட்டிக்கொண்டு சம்மதித்தேன். என் பாடத்தைப் பதிவு செய்து, கேட்டுப் பார்க்கும்படி எனக்கே அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து கேட்டேன். மனைவி உலுக்கி எழுப்பினாள்.

"ஏனுங்க, போன்ல நீங்க பேசிட்டே இருக்கறீங்க, இங்க குறட்டை உடறீங்க?"

மாணவர்களின் தீர்வு எளிமையானது. பழைய பம்பு ஒன்றை மேசைமேல் வைத்தார்கள். "மொதல்ல நாங்க கழட்டிப் பாக்கறமுங்க சார். சந்தேகம் வந்தப்பறம் நீங்க பேசுங்க."

கழற்றினார்கள். திரும்ப மாட்டியபோது ஒரு வளையம் மிஞ்சியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வருடக்கணக்காகப் பலகையில் பம்பு வரைந்தவன் நான். ஒன்றைக்கூடக் கையால் கழற்றியதில்லை.

"தெரியலையே" என்றேன்.

அந்த அறையில் நான் சொன்ன வேறெதற்கும் இத்தனை தலைகள் நிமிர்ந்ததில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். என் யோசனைப்படி மாட்டி ஓடவிட்டதும் தண்ணீர் நேராக என் நெஞ்சில் பீய்ச்சியது. மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. கல்லூரிப் பேருந்தை விட்டுவிட்டுத்தான் வளையத்தின் இடத்தைக் கண்டுபிடித்தோம்.

பருவ முடிவில் முதல்வர் வந்து வகுப்பைப் பார்த்து, "நல்லாருக்குதே! இதை யார் வடிவமைச்சது?" என்றார்.

"நான்தானுங்க" என்று வாய் முந்திக்கொண்டது.

கொடுமுடிப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, சாரேதானுங்க" என்றாள். அவளுடைய மரியாதை அன்று என்னை நெளிய வைத்தது.