தட்டில்லாமல் ஏற்றிய கற்பூரம்

சென்னையிலிருந்து வந்தவர் ஒரு பழைய பிளஷர் காரை எங்கள் வாசலில் நிறுத்தினார்.

"உங்கப்பா வாடகைக்கு ஓட்டின வண்டின்னு சொல்லி வித்தாங்க. ஆனா என்ஜின் மாத்தியிருக்கு, பெயின்ட்டும் புதுசு. அதே வண்டிதானான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணுங்க" என்றார்.

கதவைத் திறந்தேன். பெட்ரோலும் பழைய மரமும் கலந்த வாசனை வந்தது. சின்ன வயதில் பார்த்த ஆயுத பூஜை கண்முன் நின்றது.

அன்று சவாரிக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்பா அவசரத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த மரப்பலகை மேலேயே கற்பூரத்தை ஏற்றிவிட்டார். பலகை கருகிப்போனது.

"தட்டு வெக்காம யாராச்சும் கற்பூரம் ஏத்துவாங்களா?" என்றாள் அம்மா.

"மலை மேல தீபம் ஏத்துறாங்களே, தட்டா வெக்கிறாங்க?" என்றார் அப்பா.

"அங்கயே கொப்பரை வெச்சுதாங்க ஏத்துறாங்க."

சவாரிக்காரர்கள் வரை சிரித்துவிட்டார்கள்.

இப்போது அந்தப் பலகையை ரெக்சின் மூடியிருந்தது.

"இதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க சார்" என்றேன்.

பிரித்தார். காலணா அகலத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது.

"எங்கப்பா வண்டியேதாங்க" என்றேன். கதையைக் கேட்டு அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணாமலையாரைக் கும்பிட்டுவிட்டு, உள்ளே போய்க் கற்பூரம் எடுத்துவந்து வண்டிக்கு ஏற்றிக் காட்டினேன். அம்மா சொன்னபடி, தட்டில் வைத்து.