கேமராவில் கறுத்த உப்பு

போன வருஷம் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். இருக்கிற கேமராவுக்கு என்ன கேடு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பீரோவில் பழைய துணிகளுக்கு நடுவே படுத்துக்கிடக்கும் டிஎஸ்எல்ஆர் இன்னும் வேலை செய்கிறது. பட்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போடும். புதியதில் கண்ணாடியே கிடையாது, சத்தமும் கிடையாது. எடையும் பாதிதான். இதையெல்லாம் அவளிடம் பொறுமையாக விளக்கினேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உப்புக் கதையையும் சொல்ல வேண்டிவரும். அதை அவள் என் அக்கா வாயால் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்து முடித்தவள்.

காரணம் இதுதான். பழைய கேமராவில் கண்ணை வைத்தால், லென்ஸ் வழியாக வரும் காட்சியை அந்தக் கண்ணாடி அப்படியே நம் கண்ணுக்கு அனுப்பும். எதிரே இருக்கிற ஊர் எதிரே இருக்கிற மாதிரியே தெரியும். ஆனால் படம் எப்படி விழப்போகிறது என்பதை அது சொல்லாது. மிரர்லெஸ்ஸில் கண் வைக்கிற இடத்தில் ஒரு குட்டி டிவி இருக்கிறது. படம் எப்படி வருமோ அதை அமுக்குவதற்கு முன்பே காட்டிவிடும். இருட்டாக வருமென்றால் இருட்டாகவே தெரியும். 2005இல் இந்த ஒரு வசதி என்னிடம் இருந்திருந்தால் எங்கள் அத்தா, அதாவது என் அப்பா, இன்னும் சில காலம் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பார்.

அந்த டிஎஸ்எல்ஆர் அக்கா வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. அவர் தனக்கென்று ஆசையாக வாங்கியதுதான். ஒரு வாரம் திருகிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது ஒத்துவரல மச்சான். நீ படிச்சவன், நீயே வச்சுக்க" என்று என் தலையில் கட்டினார். டிஎஸ்எல்ஆர்களிலேயே ஆரம்பக்காரர்களுக்கானது அது. எனக்கு அதெல்லாம் தெரியுமா? கழுத்தில் பட்டை ஏறியதும் நடையே மாறிவிட்டது. பால் வாங்கப் போனாலும் கேமராவோடு போனேன். டீக்கடையில் யாராவது, "ஏம்பா, எந்தப் பேப்பருக்கு எடுக்குற?" என்று கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. சும்மா சிரித்து வைப்பேன்.

கேமராவோடு வந்த கையேட்டை ஒரு பக்கம் விடாமல் படித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ஒரு பக்கத்தை விட்டேன். பனிமலையில் படம் எடுப்பது எப்படி என்று அதில் ஒரு பகுதி இருந்தது. ஒரு வெள்ளைக்காரர் சறுக்குக் கட்டையோடு நின்றுகொண்டிருந்தார். மரக்காணத்தில் எந்தக் காலத்தில் பனிமலை வந்தது என்று அந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டேன்.

அந்த வருஷம் அத்தாவின் அளத்தில் உப்பு நன்றாக விளைந்திருந்தது. வாரிக் குவித்த அம்பாரம் ஓட்டு வீட்டு உயரத்துக்கு நின்றது. ஆனால் வழக்கமாக எடுக்கிற வியாபாரி தொழிலை விட்டுவிட்டார். புதிதாகச் சேலத்துக்காரர் ஒருவர் பேச்சுக்கு வந்தார். மழைக்கு முன்னால் இந்த அம்பாரம் போனால்தான் அடுத்த வருஷமும் அளத்தைக் குத்தகைக்கு எடுக்க முடியும் என்று அத்தா வீட்டில் சொல்லியிருந்தார். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் உப்பு விற்கும் முறை ரொம்ப எளிது. அம்பாரத்தின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, பொட்டலம் கட்டி, வியாபாரியின் ஊருக்குப் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள். வியாபாரி அதை உள்ளங்கையில் போட்டுத் தேய்ப்பார், வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார், ஒரு கல்லை வாயில் போடுவார். வெள்ளையாக இருந்தால் சாப்பாட்டுக்குப் போகும். பழுப்போ சாம்பலோ அடித்தால் தோல் பதனிடவும் கருவாட்டுக்கும்தான் போகும். அத்தா பொட்டலம் கட்டப் பழைய பேப்பரைக் கிழித்தபோது நான் குறுக்கே புகுந்தேன்.

"எந்தக் காலத்துல இருக்கீங்க அத்தா? சேலத்துக்காரரு பையன் கடையில கம்ப்யூட்டர் வச்சிருக்கான். படம் எடுத்து மெயில்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல போயிடும். மொத்த அம்பாரத்தையும் பாப்பாரு, ஒரு பிடிய இல்ல."

அத்தா என்னையும் கேமராவையும் மாறிமாறிப் பார்த்தார். "சரியா வருமாடா?" என்றார்.

"கேமரா பொய் சொல்லாது அத்தா" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் என்றிருக்கிறது.

உச்சி வெயிலில் போய் நின்றேன். கண்ணை வைத்தால் அம்பாரம் கண் கூசுகிற வெள்ளையில் நின்றது. முட்டி போட்டும் படுத்தும் எடுத்துத் தள்ளினேன். பின்பக்கம் இருந்த திரை தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த வெயிலில் அதில் என் மூக்குதான் தெரிந்தது. பார்க்காமலே திருப்திப்பட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். படத்தைத் திறந்ததும் சென்டர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, டல்லா இருக்குது?"

"டல் இல்லண்ணே, அது டோன்" என்றேன். அவருடைய மானிட்டர் பழசு என்றும், அதை மாற்றினால் நல்லது என்றும் ஆலோசனை சொல்லிவிட்டுப் படங்களை அனுப்பினேன்.

மறுநாள் சேலத்திலிருந்து போன் வந்தது. அத்தாதான் எடுத்தார். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து நான் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன்.

"பாய், நான் கேட்டது சாப்பாட்டு உப்பு. இது தோலுக்குப் போடுற உப்பால்ல இருக்கு. ஒரே சாம்பலா இருக்குங்க."

அத்தா போனை வைத்துவிட்டு, "சாம்பலா தெரியுதாமே?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் சேலத்துக்காரருடைய மானிட்டர் மேல் பழியைப் போட்டேன். இரண்டே நாளில் தமிழ்நாட்டில் இருந்த மானிட்டர் எல்லாம் எனக்கு விரோதியாகிவிட்டது.

சும்மா விடுவேனா? இன்னும் கிட்டப் போய், வானம் தரை எதுவும் தெரியாமல் உப்பு மட்டும் நிறைந்திருக்கிற மாதிரி மறுபடி எடுத்து அனுப்பினேன். வெள்ளையைத் தவிர வேறெதையுமே காட்டாவிட்டால் வெள்ளையாகத்தானே வர வேண்டும்? சேலத்துக்காரர் மறுபடி போன் செய்தார். முதல் படமே தேவலை, இது சிமெண்ட் மாதிரி இருக்கிறது என்றார்.

அத்தா என்னிடம் எதுவும் சொல்லாமல் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி லாரியில் கொடுத்துவிட்டார். பொட்டலம் போய்ச் சேர்ந்தது. அதோடு விவகாரம் முடிந்துவிடும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் சேலத்துக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு வேறு முடிவுக்கு வந்திருந்தார்.

"பாய், பொட்டலத்துல பால் மாதிரி இருக்கு. படத்துல சாம்பலா இருக்கு. எங்கேயோ நல்லதாப் பொறுக்கி ஒரு பிடி அனுப்பிட்டீங்களோன்னு தோணுது, தப்பா எடுத்துக்காதீங்க. கேமரா பொய் சொல்லாதுல்ல?"

நான் சொன்ன அதே வார்த்தை சேலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது. உப்பில் யாரும் அத்தாவை அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அத்தா, "நேர்ல வந்து பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் லாரியோடு வருவதாகச் சேலத்துக்காரர் ஒப்புக்கொண்டார். வாரிப்போகிற உப்புதானே என்று அத்தா அம்பாரத்துக்குக் கீற்று போட்டு மூடவில்லை.

மழை அந்த வருஷம் முந்திக்கொண்டது. சனிக்கிழமை பிடித்தது, விடவேயில்லை. ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த பாத்திகளெல்லாம் ஒரே ஏரியாகிவிட்டன. அத்தாவும் ஆட்களும் கீற்றையும் தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன், காற்றில் தார்ப்பாய் என்னைத்தான் மூடியது. வீட்டுக்கு வந்து, செய்ய ஒன்றுமில்லாமல், அந்தக் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். சறுக்குக் கட்டையோடு நின்ற வெள்ளைக்காரர் வந்தார். அவருக்குக் கீழே தெளிவாக எழுதியிருந்தது: எதிரே முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா குழம்பிப்போய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாக விழும், ஆகவே வெளிச்சத்தைக் கூட்டி வைக்கவும். எந்தப் பட்டன், எந்தச் சக்கரம் என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். பனிக்குப் பதில் உப்பு என்று வைத்துக்கொள்ள ஒரு பட்டம் வாங்கின மூளைக்குத் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். அழுகையும் வந்தது.

சொன்னபடி சேலத்துக்காரர் வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து அம்பாரத்தின் முன்னால் நின்றார். பாதி கரைந்து போயிருந்தது. மிச்சத்தில் சேறு ஏறி, பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக வழிந்திருந்தது. வானமும் அதே நிறம். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அத்தாவிடம் வருத்தமாகத்தான் சொன்னார்.

"படத்துல இருந்த மாதிரியேதான் பாய் இருக்கு."

மிச்சம் தோலுக்குப் போயிற்று. அடுத்த வருஷம் அத்தா அளத்தை எடுக்கவில்லை. கிளியனூர் ரோட்டில் ஒரு அரிசி மண்டியில் வேலைக்கு உட்கார்ந்தார். நம்ம நசீபு அவ்வளவுதான் என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னார். கேமராவைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள், ஊர் முழுக்க.

மிரர்லெஸ் வாங்கிய அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அத்தாவைக் காரில் உட்கார வைத்து அளத்துப் பக்கம் அழைத்துப் போனேன். யாருடையதோ அம்பாரம் ஒன்று ரோட்டோரம் நின்றது. கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். குட்டி டிவியில் அதே பழைய சாம்பல். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப உப்பு வெளுத்துக்கொண்டே வந்தது. எதிரே இருக்கிற நிறம் வந்ததும் நிறுத்தி, கேமராவை அத்தாவின் கண்ணில் வைத்தேன்.

"இப்பப் பாருங்க அத்தா. சரியா இருக்குதா?"

கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரு உப்புடா இது?"

"தெரியலையே அத்தா."

"நம்ம உப்பு இதவிட வெள்ளை" என்றார்.

நான் சக்கரத்தை இன்னும் திருப்பினேன். போதுமா என்று கேட்டேன். இன்னும் என்றார். திருப்பினேன். வானம் போயிற்று, ரோடு போயிற்று, அம்பாரத்தின் விளிம்பும் போயிருக்கும்.

"ஆங். இதான்" என்றார்.

நான் பட்டனை அமுக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அதைத்தான் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.