பத்துப் பை வெயிலுக்கு, பத்துப் பை நிழலுக்கு

பூண்டுலோயாப் பக்கம், எங்கள் தோட்டத்து நாற்றுப் பண்ணையான தவறணையில் நாகலெட்சுமி அக்கா பதினோரு வருடமாகத் தேயிலை நாற்று வளர்க்கிறார். தாய்ச்செடியில் ஓர் இலையும் விரல் நீளத் தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பையில் நட்டு, நிழல் வலைக்குக் கீழே ஏறக்குறைய ஒரு வருடம் காப்பார். அவர் நட்ட செடிகள் மூன்று மலைகளில் நிற்கின்றன. அதை யாரும் அவரிடம் பாராட்டிச் சொன்னதில்லை. அவரே சொல்லிக்கொள்வார்.

போன மாசியில் ஒரு காலை. வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பஸ்ஸுக்கு நான் போகும் வழியும் அதுதான். வெளிவேலைகளைப் பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி அக்காவை முன்னால் கூப்பிட்டார்.

"ரோட்டோரப் பாத்தியில கொழுந்து செவப்பா வருது. மத்ததெல்லாம் பச்ச. வேற ரகத்தக் கலந்துட்ட."

"கலக்கலைங்கையா. எல்லாம் ஒரே தாய்ச்செடி. காத்துல அந்தப் பக்கம் வல கிழிஞ்சு ரெண்டு மாசமாச்சு. புது வலைக்கு மூணு தடவ கேட்டுட்டேன்."

"வல கிழிஞ்சா ரகம் மாறுமா? தலைமுறையா கொழுந்து கிள்ளுன கை. தவறணைக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன். பாத்தியப் புடுங்கிப் போட்டுட்டு நீயும் கொழுந்து கிள்ள மலைக்குப் போ."

சிலர் சிரித்தார்கள். அக்கா நகரவில்லை.

"ஒரு மாசம் பொறுங்கையா. செவப்புல பத்துப் பைய நிழலுக்குக் கொண்டு போறேன். பச்சையில பத்த வெயில்ல வைக்கிறேன். புதுக் கொழுந்து வரட்டும். நான் கலந்திருந்தா நானே மலைக்குப் போறேன்."

அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல கணேசமூர்த்தியால் முடியவில்லை.

அன்று மாலை அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டதாரி நான். உயிரியல் படித்துவிட்டு இப்போது பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

"சுமன் தம்பி, ஒரே செடி ரெண்டு கலர் காட்டும்னு எனக்குத் தெரியும். ஏன்னு நீ சொல்லு. அத்தன வருசம் படிச்சிருக்க."

சொன்னேன். செடியின் உயிரணு ஒவ்வொன்றிலும் டிஎன்ஏ என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் நான்கே எழுத்துகள், கோடிக்கணக்கில் மாறி மாறி வருகின்றன. ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பு எழுதியிருக்கும் பகுதிதான் மரபணு. உயிரணு அந்த இழையை வெளியே எடுப்பதில்லை. வேண்டிய பகுதியை மட்டும் நகல் எடுத்து அனுப்புகிறது. வெளியே அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, மூன்றெழுத்துக்கு ஒரு மணியாகக் கோத்தால் புரதம். சிவப்புச் சாயத்தைச் செய்து கொடுப்பவையும் அப்படிப்பட்ட சில புரதங்கள்தான்.

"அப்ப பெரிய புத்தகம் ஆபீஸ்லயே இருக்கும். துண்டுச் சீட்டுதான் வெளிய வரும்."

"அதேதாங்கக்கா."

"செவப்புக்குத் துண்டு எழுதச் சொல்றது யாரு?"

"வெயிலு. சுள்ளுனு பட்டா அந்தப் பக்கத்த நெறைய நகல் எடுக்கும். எளங்கொழுந்துக்கு அந்தச் சாயம் குடை மாதிரி. நிழல்ல அந்தப் பக்கம் பெரும்பாலும் மூடியே கெடக்கும். புத்தகம் ரெண்டு பாத்தியிலயும் ஒன்னுதான்."

"பச்சப் பாத்திக்குள்ளயும் செவப்பு எழுதியிருக்கு. தொறக்கல, அவ்வளவுதான்." தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "எங்கம்மா கையிலயும் தவறணை வேல இருந்திருக்கும். யாரு தொறந்து பாத்தா?"

கைத்திறமை மரபணுவில் அப்படி எழுதி வைக்கப்படுவதில்லை என்று திருத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழிந்தது. நிழலுக்குப் போன பத்தும் பச்சையாகத் துளிர்த்தன. வெயிலுக்கு வந்த பத்தில் ஒன்பது சிவந்திருந்தன, ஒன்று பட்டுப்போயிருந்தது. கண்டாக்கு வந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தார். "சரி சரி, வேலையப் பாரு" என்று போய்விட்டார். பாத்தி தப்பியது. அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் அக்கா முன்னால் வந்து நின்றார்.

"தவறணைக்குப் போ."

"போறேங்கையா. பெரட்டுல சொன்னத பெரட்டுலயே திருப்பி எடுங்க."

"அதான் தவறணைக்குப் போகச் சொல்லிட்டேனே."

"அது வேல. நான் கேக்குறது வார்த்த."

பின்வரிசையில் கொழுந்து பறிக்கும் ராசம்மா கூடையைக் கீழே வைத்தார். "வெயில் ஏறுதுங்கையா. வாயத் தொறந்தீங்கன்னா நாங்களும் மலைக்குப் போயிருவோம்." அடுத்தடுத்து கூடைகள் தரைக்கு இறங்கின.

கண்டாக்கு கையிலிருந்த பெயர்ப்புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நாகலெட்சுமி கலக்கல. ஒரே ரகந்தான்."

"பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கலைங்கையா."

இன்னொரு தடவை, குரலை உயர்த்திச் சொன்னார். என் பஸ் போய்விட்டிருந்தது. நான் அசையவில்லை.

அக்கா அப்போதும் போகவில்லை. கையை நீட்டினார்.

"வல வாங்க ஸ்டோருக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க."