வெட்டிய தறப்பாள்

பெல்மதுளைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு இன்று படம் எடுக்கப் போனேன். காற்றில் கூரைத் தகரம் பறந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் போன வாரம் எங்கள் தொண்டு நிறுவனம் கூரைமேல் விரிக்கத் தறப்பாள் கொடுத்திருந்தது. குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த பத்துக் காம்பராவில் ஐந்துக்குத்தான் கிடைத்தது. பட்டியல் போட்டது நான்தான்.

போய்ப் பார்த்தால், ஐந்தையும் பாதி பாதியாக வெட்டிப் பத்துக் கூரையிலும் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இருந்த எங்கள் சின்னமும் இரண்டாகிவிட்டது.

"வெட்டக்கூடாதுன்னு சொன்னேனேங்க?"

தறப்பாள் வாங்கிய செல்வராணி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரே கூரைதானே மிஸ். பக்கத்துக் காம்பராவுல ஒழுகுனா எங்க செவுருந்தான் ஊறுது."

ஆனால் சின்னம் முழுதாகத் தெரியாத படத்தை ஒபிஸில் எடுக்கமாட்டார்கள். ஒரே தறப்பாளின் இரண்டு துண்டையும் இறக்கச் சொன்னேன். அக்காவும் பக்கத்துக் காம்பராக்காரியும் ஒட்டினாற்போல் சேர்த்துப் பிடித்தார்கள்.

"சிரிக்கணுமா மிஸ்?" என்று கேட்டார் அக்கா.

நான் கெமராவைச் சரிசெய்வதற்குள் மழை பிடித்துவிட்டது. அவர்களுக்குப் பின்னால் இரண்டு காம்பராவும் கூரை திறந்து கிடந்தன. அவர்கள் துண்டைக் கீழே விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது. நாளை எங்கள் முகநூல் பக்கத்தில் போடுவார்கள். லைக் போடுகிறவர்கள் தயவுசெய்து பெரிதாக்கிப் பார்க்காதீர்கள்.