முக்கோணமாக மடித்த டேப்

என் அண்ணனைக் கார் எலக்ட்ரீஷியன் என்று சொல்லித் தேடினால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மஞ்சள் ஒயர்’ என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். ஏர்பேக்குக்குப் போகும் ஒயர்கள் மஞ்சள் உறைக்குள் இருக்கும். அதில் யாராவது கைவைத்துவிட்டால் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சீட்டுக்கு அடியில் சுத்தம் செய்கிறேன் என்று கனெக்டரை இழுத்துவிட்ட ஒரு பேராசிரியரை அரை மணி நேரம் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறான். கோபம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் எனக்கும் சரிபாதி உண்டு.

அன்று காலை என் காரில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. சாவியைத் திருப்பியதும் சில நொடி எரிந்து தானாக அணையவேண்டிய சிவப்பு விளக்கு அது. செகண்ட் ஹேண்டில் வண்டியை வாங்கிய இரண்டு வருடமாகச் சமர்த்தாக அணைந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேராக அண்ணனின் பட்டறைக்குப் போனேன்.

“ஆபீசுக்கு நேரமாச்சுண்ணா. அழிச்சு விட்டுடு, போறேன்.”

“அழிச்சு விடறதுக்கு இது என்ன சிலேட்டா? எதுக்கு எரியுதுன்னு பாக்க வேணாமா?”

“தெருமுனை மெக்கானிக்குக்குப் போன் பண்ணேன், அஞ்சு நிமிஷத்துல அணைச்சுத் தரேன்னு சொன்னாரே.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் போட்ட வேகத்தில் டீ கிளாஸ் ஆடியது.

“எப்படி அணைப்பான் தெரியுமா? ஏர்பேக் இருக்கவேண்டிய இடத்துல ஒரு ரெசிஸ்டரச் சொருகிடுவான். பேக் இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பிக்கும். விளக்கு ஒழுங்கா வந்துட்டு ஒழுங்கா போகும். வண்டி எங்கயாவது மோதினா ஒண்ணுமே விரியாது. உள்ள இருக்கறவன் மண்டைதான் போகும்.”

ஸ்கேனரைப் பொருத்தினான். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் பேக், இணைப்பு அறுந்திருக்கிறது என்று காட்டியது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இது அவன் பட்டறைச் சட்டம். எனக்காகக்கூட ஒன்பது நிமிடம் ஆகாது. நான் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தேன், அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அந்த சீட்டுக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டான். அப்புறம் கத்தினான்.

“வந்து பாரு! நான் சொன்னேனா இல்லையா? பேக்கே கிடையாது. எப்பவோ மோதி விரிஞ்சிருக்கு. மேல்மூடிய மட்டும் புதுசா மாத்திட்டு ஏமாத்தியிருக்கானுங்க. இதக் கட்டினவன் கை விளங்குமா?”

அவன் உள்ளங்கையில் அரிசி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் கிடந்தது. பல வருடச் சூட்டில் அதன் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. மேலே சுற்றிய பச்சை டேப்பின் நுனி முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது.

அம்மாவின் மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட், என் மகளின் பென்சில் பெட்டி, எங்கள் வீட்டில் டேப் ஒட்டிய எல்லாவற்றிலும் அந்த முக்கோணம் இருக்கிறது. மறுபடி பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்று அண்ணன் ஒருவன்தான் அப்படி மடிப்பான்.

“அண்ணா, அந்த நுனியப் பாரு.”

பார்த்தான். எத்தனையோ பேரை நிற்கவைத்துத் திட்டிய மனிதன் டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“பழைய கார் விக்கிற கடையில வேலை பாத்தேன்ல, அப்ப செஞ்சது. விளக்கு எரிஞ்சா வண்டி விலை போகாதுன்னு முதலாளி சொன்னாரு. அப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு.”

“உன் வயச யாரு கேட்டா? என் பொண்ணு ரெண்டு வருஷமா அந்த சீட்லதான் உக்காந்து வரா. வாங்கறப்ப நீதானே பாத்த? விளக்கு வந்துட்டு போகுது, ஏர்பேக் நல்லா இருக்கு, எடுன்னு நீதானே சொன்ன?”

“பெயின்ட் மாத்தியிருந்தாங்க. அடையாளம் தெரியல.”

“எத்தன வண்டிக்கு இப்படிக் கட்டின?”

“ஒம்பது, பத்து இருக்கும். எல்லாம் இதே மாடல்தான்.”

அடக்க முடியாமல் அந்த டேப்பை எடுத்து அவன் முகத்தின்மேல் எறிந்தேன். அவன் முகத்தைத் திருப்பக்கூட இல்லை.

நான்காம் நாள் புதிய பேக்கை அவனே மாட்டி, ஸ்கேனரில் காட்டிய பழைய பிழையை அழித்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். விளக்கு வந்தது. ஆறு எண்ணுவதற்குள் அணைந்தது. நான் நன்றி சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பழைய கார் கடை மூடிப் பல வருடமாகிறது, யார் வாங்கினார்கள் என்று கேட்க ஆளில்லை. அதனால் இப்போதெல்லாம் அண்ணன் சிக்னலில் அந்த மாடல் கார் நின்றால் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டுகிறான். பட்டறைக்கு வாங்க, சும்மா பாத்துத் தரேன் என்று கெஞ்சுகிறான். பலர் பிச்சைக்காரன் என்றோ பைத்தியம் என்றோ நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். அவன் ரெசிஸ்டர் சொருகிய கார்களில் இதுவரை இரண்டுதான் கிடைத்திருக்கின்றன.

எனக்குக் கோபம் ஆறவில்லை. அவனோடு பேசி மூன்று மாதமாகிறது. ஆனால் வழியில் அந்த மாடல் எங்கே நின்றாலும் அதன் நம்பரை அவனுக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை, நம்பர் மட்டும்தான்.